எங்கள் லயம் எங்கே? – வரைபடம் வாசித்தல் குறித்துச் சில குறிப்புகள்

அட்டனைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளில் பல வருஷங்கள் புவியியல் படிப்பித்தவன் நான். இடவிளக்கப்படத்தை மேசையில் விரித்ததும் ஏதாவதொரு பிள்ளை கேட்கும்: "சேர், இதுல எங்க லயம் எங்க இருக்கு?" படத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். லயமோ பெயரில்லாத சின்னக் கட்டம். அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால் வரைபடப் பாடம் முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, அமைவிடம். பெயரில்லாத இடத்துக்கும் எண் உண்டு. உலகப் படத்தில் அகலக்கோடும் நெடுங்கோடும் இருப்பதுபோல, இலங்கைப் படங்களில் ஒரு சதுர வலை இருக்கிறது. அதன் மூலப்புள்ளி நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் 2524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலை. யாழ்ப்பாணத்து வீடானாலும் காலிக் கோட்டையானாலும், கிழக்கே மேற்கே எவ்வளவு, வடக்கே தெற்கே எவ்வளவு என்று அளப்பது இந்த மலையிலிருந்துதான். கழித்தல் எண் வரக்கூடாது என்பதற்காக, பழைய முறையில் அந்தப் புள்ளிக்கே கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீற்றர் என்று வைத்தார்கள். 1999ஆம் ஆண்டு முறையில் அது 500,000 ஆனது. வாசிக்கும்போது முதலில் கிழக்கு எண், பிறகு வடக்கு எண். இதைச் சொன்னதும், "அப்ப முழு இலங்கையும் நம்ம மலையிலருந்துதானா சேர்?" என்று ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இரண்டாவது, திசை. தோட்டத்தில் வடக்கு, தெற்கு என்று பேசுகிறவர்கள் குறைவு. 'மேலே', 'பணிய' என்ற இரண்டே போதும். என் வாப்பா துணிப் பொட்டணியோடு லயம் லயமாக ஏறி இறங்கி வியாபாரம் செய்தவர். அவருடைய கடன் கொப்பியில் முகவரி கிடையாது. 'மேட்டு லயம்', 'பீலியடி', 'கோயிலுக்குப் பணிய' என்றுதான் இருக்கும். இதைத்தான் புவியியலில் மனப்படம் என்கிறோம். அதில் பிழை இல்லை. ஆனால் வெளியிலிருந்து வருகிறவருக்கு அது விளங்காது. அவருக்குத் திசையறிகருவி வேண்டும். படத்தின் மேற்பக்கம் வடக்கு என்பதும் வழக்கமே தவிர விதியல்ல. 1154இல் அல்-இத்ரீஸி சிசிலி மன்னர் ரோஜருக்குச் செய்துகொடுத்த உலகப் படத்தில் தெற்குத்தான் மேலே இருந்தது.

மூன்றாவது, அளவுத்திட்டம். 1:50,000 படத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 500 மீற்றர். 1:10,000 படத்தில் அதே 1 சென்ரிமீற்றர் 100 மீற்றர்தான். எண் சின்னதானால் படம் விவரமாகும். பிள்ளைகள் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான்.

ஒருநாள் 2 சென்ரிமீற்றரை அளந்து, "ஒரு கிலோமீற்றர்" என்றேன். "பொய் சேர், ஏறி முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆகும்" என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னதும் சரி. படம் கிடைத்தூரத்தை மட்டுமே காட்டுகிறது. ஏற்றத்தைக் காண சமவுயரக் கோடுகளைப் பார்க்க வேண்டும்.

சமவுயரக் கோட்டை விளக்க ஜன்னல் வழியே வீ.பி. தேயிலை மலையைக் காட்டினேன். அங்கே நிரைகள் நேரே மேலேறுவதில்லை. ஒரே மட்டத்தில் மலையைச் சுற்றி வளைந்து போகின்றன. அதே மாதிரிக் கோட்டைத் தாளில் போட்டால் அது சமவுயரக் கோடு. கோடுகள் விலகி நின்றால் மென்சாய்வு, நெருங்கி நின்றால் குத்துச்சாய்வு. மேட்டுப் பக்கம் கூர் காட்டி V போல வளைந்தால் அது தண்ணீர் இறங்கும் பள்ளம்.

கணக்கும் எளிது. கோடுகளுக்கிடையே 20 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 1:50,000 படத்தில் 1 சென்ரிமீற்றருக்குள் இப்படிப் பத்து இடைவெளிகள் இருந்தால், 500 மீற்றர் தூரத்தில் 200 மீற்றர் ஏற்றம். இரண்டரைக்கு ஒன்று, ஏறத்தாழ 22 பாகை.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய கணக்கல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. சனங்கள் லயத்தில் இருந்தார்கள்.

சாய்வு மட்டும் மண்சரிவைத் தீர்மானிப்பதில்லை. பாறை, மண்ணின் தடிப்பு, நீர் வடியும் வழி, நிலப் பயன்பாடு எல்லாம் சேர வேண்டும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கருவிதான் புவியியல் தகவல் முறைமை. மண்சரிவு அபாய வலயப் படங்களை அந்த நிறுவனம் 1:10,000 அளவிலும் தயாரித்திருக்கிறது. லயம் லயமாகப் பார்க்க அந்த அளவுதான் உதவும்.

இன்று ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் என்று வீட்டுக்குக் காணி காட்டுகிறார்கள். காட்டும்போது நம் ஆட்கள் மூன்று கேள்வி கேட்கப் பழக வேண்டும்: இந்த இடம் அபாய வலயப் படத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது? அந்தப் படத்தின் அளவுத்திட்டம் என்ன? மேலேயிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாக இறங்கும்?

அன்று கேட்ட பிள்ளையின் லயத்தைக் கடைசியில் கண்டுபிடித்தோம். தொழிற்சாலைக்குப் பணிய, கோடுகள் V ஆக வளையும் இடத்தில் இருந்தது. பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மழைக்கு அங்கதான் சேர் தண்ணி வரும்" என்றது. படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.