சூட்டோடு சூடாக: கார் பாகங்களில் எஃகு நிலைப்பது எப்படி?

மாணவர்களே, சிராங்கூன் சாலையில் ஓடும் கார்களைப் பாருங்கள். அவற்றின் கியர், டிரைவ் ஷாஃப்ட், சக்கர ஹப் போன்ற பாகங்கள் பெரும்பாலும் காய்ச்சி அடித்த எஃகால் ஆனவை. இம்முறையின் பெயர் ‘ஃபோர்ஜிங்’. எஃகுத் துண்டை ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, அச்சில் வைத்து அழுத்தி உருவாக்குவார்கள்.

“உருக்கி ஊத்தினா போதாதா, எதுக்கு அடிக்கணும்?” என்று கேட்கலாம். கேம்பல் லேனில் விற்கும் பூமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். வளைத்தால் நார் அறுபடாது. வெட்டினால் பூ உதிரும். எஃகுக்குள்ளும் நார் போன்ற ஓட்டம் உண்டு. அடிக்கும்போது அது அறுபடாமல் பாகத்தின் வடிவத்தோடு வளைகிறது. வார்ப்பில் இந்த ஓட்டம் இல்லை. அதனால்தான் அடித்த பாகம் திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்குகிறது.

ஆனால், போட்டி கடுமை. வார்ப்பிரும்பு மலிவு. அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான்; விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே இடம் குறைவான பகுதிகளில் எஃகுக்கே சாதகம்.

எஃகு விலையிலும் எடையிலும் ஈடுகொடுக்க மூன்று வழிகள்:

1. வனேடியம் சிறிதளவு கலந்த எஃகை, அடித்த சூட்டோடு சூடாக, கட்டுப்பாட்டுடன் ஆறவிட்டாலே வலிமை வந்துவிடும். மறுபடி காய்ச்சும் செலவு மிச்சம்.
2. கனெக்டிங் ராடின் பெரிய முனையை ஒரே துண்டாக அடித்து, பிறகு வேண்டுமென்றே பிளக்கிறார்கள். உடைந்த சொரசொரப்பே இரு பாதிகளையும் துல்லியமாகப் பொருத்தும். கடைசல் வேலை குறையும்.
3. ஷாஃப்டை உள்ளே குழாய்போல் செய்தால் எடை குறையும்.

இவ்வளவு செய்தும் ஒரு சிக்கல். முழு மின்காரில் கிராங்க் ஷாஃப்டும் இல்லை, கனெக்டிங் ராடும் இல்லை! சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். ஜூரோங்கில் 2023இல் திறக்கப்பட்ட ஹுண்டாய் மையத்தில் மின்கார்கள் தயாராகின்றன. எஞ்சின் பாகங்களை மட்டும் நம்பியிருக்கும் பட்டறைகளின் பிழைப்பு என்னாகும்? புனேயில் 1961இல் தொடங்கிய பாரத் ஃபோர்ஜ், கிராங்க் ஷாஃப்டுக்குப் பேர்போனது. இன்று அது அலுமினியத்தையும் அடித்துத் தருகிறது.

மின்காருக்கும் கியர், ஷாஃப்ட், ஹப் வேண்டும். மின்கலத்தின் எடையால் அவற்றின் சுமையும் கூடுகிறது. எஃகுக்கான வாய்ப்பு அங்கேதான்.

சிந்திக்க: “எடை குறைந்த பொருளே எப்போதும் சிறந்தது.” இக்கூற்றை ஏற்கிறீர்களா? இரண்டு காரணங்கள் தருக.