செருப்புத் தைப்பதும் ஊழியமே

கிறிஸ்தவ ஊழியம் என்றதும் பிரசங்க மேடையும் ஒலிபெருக்கியும் கன்வென்ஷன் பந்தலுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குத் தவறாமல் செல்பவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆனால் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் விவரிக்கும் இறுதித் தீர்ப்பில் மனிதரிடம் கேட்கப்படுபவை வேறு: பசித்தவருக்கு உணவு, தாகமுற்றவருக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், ஆடையற்றவருக்கு உடை, நோயாளியையும் சிறைப்பட்டவரையும் சென்று காணுதல். இந்த ஆறில் ஒன்றுக்குக்கூடக் குருப்பட்டமோ மேடையோ தேவையில்லை என்பது கவனிக்கத்தக்கது. லூக்கா 10ஆம் அதிகாரத்தின் நல்ல சமாரியனும் சமயப் பணியாளன் அல்லன், வழிப்போக்கன். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு மனமிரங்கியதோடு நில்லாமல், காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சென்று, சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியங்களை, அதாவது ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியத்தைக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாக அவன் ஒப்புக்கொள்கிறான். இரக்கம் என்பது நெகிழ்ச்சியோடு முடிவதன்று, செய்யத் தெரிந்த கையும் பின்தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பும் அதற்கு வேண்டும் என்பதே இக்கதையின் உட்கிடை. இதற்குத் தமிழ் மண்ணில் நடந்த தொழுநோய்ப் பணியைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தொழுநோயாளியை இயேசு கைநீட்டித் தொட்டுக் குணமாக்கியதாக மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் கூறுகிறது. யூதச் சட்டம் அத்தகையோரை ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்த காலம் அது. இந்த முன்மாதிரியைப் பின்பற்றியே 1874இல் வெல்லஸ்லி பெய்லி தொடங்கிய தொழுநோயாளர் மிஷன் உள்ளிட்ட அமைப்புகள் இந்தியாவெங்கும் புகலிடங்களை நடத்தின. அவை உணவும் உறைவிடமும் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஊர் விலக்கியவரை வேலிக்குள் வைத்துக் காத்த அந்த அன்பு, விலக்கலை மாற்ற முயலாமல் அதற்கு வசதி செய்து கொடுத்தது என்ற குறையும் அதனோடு சேர்ந்தே நிற்கிறது. மருந்தில்லாத காலத்தில் வேறு வழி தெரியவில்லை என்று சொல்லலாம். அது காரணமாகுமே தவிர, முழு நியாயமாகாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் அறுவை மருத்துவராக வந்த பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் ஒரு மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்தவர்; இங்கிலாந்தில் மருத்துவம் படிக்குமுன் தச்சு, கொத்து வேலைகளைக் கற்றவர். தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தபோது, விரல்கள் உள்நோக்கி மடங்கிப்போன ஓர் இளைஞர் செருப்பின் வாரைப் பிடிக்க முடியாமல் திணறுவதை அவர் கண்டார். அந்தக் கைக்குள் தன் கையைக் கொடுத்து, இயன்றவரை இறுக்கச் சொன்னார். பலமற்ற பிடியை எதிர்பார்த்த மருத்துவரின் கையில் நகங்கள் அழுந்தி வலித்தன. முன்கைத் தசைகள் முழு வலுவோடு இருக்கின்றன, உள்ளங்கையின் சிறு தசைகளை இயக்கும் நரம்புகள்தாம் செயலிழந்துள்ளன என்பது அந்தப் பிடியில் புலனாயிற்று.

அதன் பயனாக, நன்றாக இயங்கும் தசையொன்றின் நாணைத் திருப்பி, முடங்கிய விரலோடு இணைக்கும் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை 1948இல் வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் செய்யப்படலாயிற்று. கட்டுப் பிரித்தபின் விரல்களை மறுபடி பழக்குவது பொறுமையைச் சோதிக்கும் நீண்ட வேலை. அதையும் கடந்து நிமிர்ந்த விரல்களோடு வெளியே சென்றவர்களுள் சிலர், கை நன்றாக இருப்பதால் பிச்சை விழுவதில்லை, நோயின் தழும்பு இருப்பதால் வேலையும் கிடைப்பதில்லை என்ற புகாரோடு திரும்பி வந்தார்கள். அறுவை சிகிச்சையோடு கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தால் இரக்கம் அங்கேயே தோற்றிருக்கும். தச்சும் பொம்மை செய்தலும் கற்பிக்கும் நவஜீவ நிலையம் 1951இல் எழுந்தது இந்தப் புகாருக்கு விடையாகத்தான். பிராண்டின் பழைய தச்சுப் பழக்கம் அங்கே மருத்துவப் படிப்புக்குச் சமமாகப் பயன்பட்டது.

நோய் தானே விரல்களை அழுகி உதிரச் செய்கிறது என்ற நெடுநாள் நம்பிக்கை உடைந்ததும் இந்த நிலையத்தில்தான். வலி தெரியாத கை, சூடான பாத்திரத்தைத் துணியின்றிப் பிடிக்கிறது. துருப்பிடித்த பூட்டின் சாவியைத் தோல் கிழியத் திருப்புகிறது. இரவில் உறங்கும்போது எலிகள் நோயாளிகளின் விரல்களைக் கடித்திருந்ததும், வலியின்மையால் அவர்கள் விழிக்கவில்லை என்பதும் தெரிய வந்தபோது, வீடு திரும்பும் நோயாளிக்குப் பூனையொன்றைக் கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. மருந்துச் சீட்டில் எழுத முடியாத இந்தச் சிகிச்சை, அன்றாட வாழ்வில் ஊழியம் எந்த அளவுக்கு இறங்கிவர வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

பாதப் புண்ணுக்கும் இதே கதைதான். உணர்ச்சியுள்ளவர் நடக்கும்போது ஓரிடம் நோகத் தொடங்கினால் தம்மையறியாமல் அடியை மாற்றி வைக்கிறார். உணர்ச்சியற்றவரோ அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார். மரம், பிளாஸ்டிக் எனப் பலவற்றையும் சோதித்தபின், நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பர் பொருத்தமானதாகக் கண்டறியப்பட்டது. எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு என்று தொழுநோய் மருத்துவமனைகளில் இன்றும் வழங்கும் அக்காலணியில் மேலே மெத்தென்ற ரப்பரும் கீழே எளிதில் தேயாத அடித்தட்டும் இருக்கும். கழன்று விழுவதை உணராத காலுக்காகக் குதிகால் வார் வைக்கப்படும். குத்தினாலும் தெரியாது என்பதால் ஆணி அடிக்கப்படுவதில்லை. ஆணியைத் தவிர்த்து ஒட்டித் தைத்த தொழிலாளியின் கவனம் எத்தனையோ பாதங்களைக் காத்தது. அதை ஊழியம் என்று அழைக்கத் தயங்கும் இறையியல், நற்செய்தியின் பாதியை விட்டுவிட்டுப் படிக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

வேலூரின் கதை ஒருவரோடு முடிவதன்று. பிராண்டின் மனைவி மார்கரெட் தொழுநோயாளிகளின் இமை மூடாத கண்களுக்குச் சிகிச்சை அளித்தார். 1954 விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவை சிகிச்சைகளைச் செய்தார்.

இத்தகைய பணிகள் யாவும் மதமாற்றத்துக்கான தூண்டில் என்ற ஐயம் பொதுவெளியில் நெடுங்காலமாக உண்டு. அந்த ஐயத்துக்கு வரலாற்றில் இடமே இல்லை என்று மறுப்பது நேர்மையாகாது. ஆனால் நல்ல சமாரியன் அடிபட்டவனின் சமயத்தை விசாரித்ததாகக் கதையில் இல்லை. பிரதிபலனைக் கணக்கிடும் உதவியை அக்கதையின் அளவுகோலே நிராகரிக்கிறது.

தொழுநோயாளரின் நிலைமை இன்று பெரிதும் மாறியுள்ளது. 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019இல் நீங்கின. கூட்டு மருந்துச் சிகிச்சை நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களில் குணமளிக்கிறது. எனினும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்களே. வெளிறிய, உணர்ச்சியற்ற படை தோலில் தெரிந்தால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாமதமின்றிச் செல்ல வேண்டும், மருந்து இலவசம். குணமான ஒருவருக்குக் கடையிலோ பட்டறையிலோ வேலை கொடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள், அவருடைய விரல்களைப் பார்த்து மறுக்காமல் அந்த வேலையைக் கொடுக்கட்டும்.