நாய், பூனைகளுக்கான ஆண்டு நோய்த்தடுப்புத் திட்டம்

வளர்ப்பு நாய், பூனைகளுக்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி ஒழிப்பு, உடற்பரிசோதனை ஆகியவற்றை நாள் குறித்துச் செய்வதே ஆண்டு நோய்த்தடுப்புத் திட்டம் ஆகும். இதில் பிழை நேர்வது பெரும்பாலும் முதல் நான்கு மாதங்களில்தான். சீம்பால் வழியாகக் கிடைக்கும் தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டியை நோயிலிருந்து காக்கின்றன. தடுப்பூசியையும் அவையே பயனற்றதாக்கி விடுகின்றன. அவை எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கும் தடுப்பூசி, 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை மீண்டும் மீண்டும் போடப்படுகிறது. முதல் ஊசியோடு நிறுத்தப்பட்ட நாய்க்குட்டிகள் பார்வோ வைரசால் இரத்தக்கழிச்சல் கண்டு இறப்பதுண்டு. பூனைக்குட்டிகளுக்கு அதே ஆபத்து பான்லூக்கோபீனியாவால் வருகிறது.

ரேபிஸ் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, ஓராண்டில் மீண்டும் போட வேண்டும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கும் இது தேவை. நாய்களுக்கான எலிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும் தேவைப்படுவது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், தேங்கிய நீரில் கிருமி பரவுமுன் செப்டம்பருக்குள் அதை முடிப்பது நல்லது. முதன்முறை எனில் சில வார இடைவெளியில் இரு ஊசிகள் வேண்டும்.

வளர்ந்த விலங்குகளுக்குக் குடற்புழு மருந்து பொதுவாக மூன்று மாதத்திற்கு ஒருமுறை. உண்ணி வெப்பநாடுகளில் ஆண்டு முழுவதும் இருக்கும். ஆனால் நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவக் கூடாது. வலிப்பு வந்து அது இறக்கக்கூடும்.