பருந்துகளை எண்ணும் முனை



லயத்து வீட்டில் கோழி வளர்த்தவர்களுக்குப் பருந்தின் நிழலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாய்க்கோழி ஒருவிதமாகக் குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடிவந்து அதன் இறகுக்குள் ஒளியும். "ஏய், பருந்து!" என்று யாராவது கையைத் தட்டுவார்கள். அண்ணாந்து பார்ப்போம், விரட்டுவோம், மறந்துவிடுவோம். அந்தப் பருந்து எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, அதைப்போல் இன்னும் எத்தனை உண்டு என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டு, பல ஆண்டுகளாக விடை எழுதி வைத்துவரும் இடம் ஒன்று நம் மலாக்கா மாநிலத்திலேயே இருக்கிறது. அங்கே எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். அவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மக்கள்.

அந்த இடத்தின் பெயர் தஞ்சோங் துவான். வரைபடத்தில் பார்த்தால் அது மலாக்காவோடு ஒட்டியிராது. லிங்கி ஆற்றைத் தாண்டி, நெகிரி செம்பிலானுக்குள், போர்ட்டிக்சன் கடற்கரையில் தனியாக நிற்கும். ஆனாலும் நிலம் மலாக்காவுக்குச் சொந்தம். போர்த்துக்கீசியர் அதைக் காபோ ரச்சாடோ என்று அழைத்தார்கள். பிளவுபட்ட முனை என்பது பொருள். குன்றின் மேல் ஒரு கலங்கரை விளக்கம், சுற்றிலும் ஏறக்குறைய 200 ஏக்கர் காடு. கடலுக்கு அப்பால் சுமார் 40 கிலோமீட்டரில் சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவு இருக்கிறது.

பருந்துகள் இந்த முனையைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறியதும் தரை சூடாகிறது. சூடான காற்று மேலே எழுகிறது. பருந்து அந்தக் காற்றில் இறக்கையை விரித்து வட்டமிட்டால், அடிக்காமலே உயரே போய்விடும். உயரத்திலிருந்து சறுக்கி அடுத்த காற்றுக்குப் போகும். இது கூலியில்லாமல் கிடைக்கும் சவாரி. ஆனால் கடலின் மேல் இந்தக் காற்று சரியாக எழுவதில்லை. அங்கே இறக்கையை அடித்து அடித்தே கடக்க வேண்டும். ஆகவே நீர் குறுகிய இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் பறவைகள் களைத்துப்போய், தாழப் பறந்து தஞ்சோங் துவானை வந்தடைகின்றன. நல்ல நாளில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும்.

இவற்றில் மிகுதியாக வருவது தேன்பருந்து. மலாய்மொழியில் லாங் லெபா என்பார்கள். லெபா என்றால் தேனீ. குளவிக்கூட்டையும் தேன்கூட்டையும் பிய்த்துப் புழுக்களைத் தின்னும். கொட்டு படாதிருக்க அதன் முகத்தில் செதில்போலக் கெட்டியான சிறு இறகுகள் உண்டு. நம் கோழிக்குஞ்சுக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை. வேறு யாரோ செய்த திருட்டுக்கு இதுவும் கல்லடி வாங்குகிறது!

2000ஆம் ஆண்டில் மலேசிய இயற்கைக் கழகம் இங்கே 'ராப்டர் வாட்ச்' என்ற பருந்து காணும் விழாவைத் தொடங்கியது. மார்ச் மாதத்தில் நடக்கும் இவ்விழாவுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். விழாவைவிட முக்கியமானது எண்ணும் வேலை. தொண்டர்கள் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, மணிக்கு மணி, எந்த வகை எத்தனை என்று குறிக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு என்பதையும் எழுதுகிறார்கள். பொதுமக்கள் இப்படி அறிவியலுக்குத் தகவல் சேர்த்துக் கொடுப்பதைக் குடிமக்கள் அறிவியல் என்கிறார்கள்.

பட்டம் பெறாதவர் எப்படி வகை பிரித்தார் என்று கேட்பீர்கள். இங்கேதான் ஓவியக்கலை உதவிக்கு வருகிறது. பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையில் வைத்துப் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியும் என்று பலரும் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க ஓவியர் ரோஜர் டோரி பீட்டர்சன் 1934ஆம் ஆண்டில் ஒரு கையேடு வெளியிட்டார். எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்தைச் சிறு கோடு போட்டுக் காட்டினார். பருந்துகளைக் கீழேயிருந்து பார்ப்பதுபோல வரைந்தார். 1954இல் அவரும் வேறு இருவரும் சேர்ந்து ஐரோப்பாவுக்கும் அத்தகைய கையேடு செய்தார்கள். தேன்பருந்துக்கு இந்த முறை மிகவும் தேவை. ஏனென்றால் அதன் நிறத்தை நம்ப முடியாது. ஒன்று கரும்பழுப்பு, ஒன்று ஏறக்குறைய வெள்ளை, இன்னொன்று வரிவரியாக இருக்கும். ஆனால் உருவம் மாறாது. புறாவினுடையதைப் போன்ற சிறிய தலை, நீண்ட கழுத்து, நீண்ட வால். கரியால் வரைந்த நிழலுருவம் ஒன்று, நல்ல வண்ணப் புகைப்படத்தைவிட இங்கே அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது எங்கள் எண்ணம்.

பறவைகள் எங்கே போகின்றன என்பதை அறிய உலகம் வெகுகாலம் பிடித்தது. 1822ஆம் ஆண்டில் வட ஜெர்மனியின் குளூட்ஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு நாரையைச் சுட்டார்கள். அதன் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று குத்தி நின்றது. குளிர்காலத்தில் நாரைகள் ஆப்பிரிக்கா போகின்றன என்பதற்கு அது சாட்சியாயிற்று. 1899இல் டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் மோர்ட்டென்சன், பறவைகளின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையம் போட்டு அனுப்பினார். வளையத்தைக் கண்டெடுத்தவர்கள் எழுதிய கடிதங்களே அவருக்குப் பாடமாயின.

இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோள் செய்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி ஹிரோயோஷி ஹிகுச்சியும் குழுவினரும் தேன்பருந்தின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி அதன் வழியைத் தொடர்ந்தார்கள். ஜப்பானில் செப்டம்பரில் கிளம்பும் பருந்து சீனாவுக்குக் கடலைக் கடந்து, இந்தோசீனா வழியாக மலாயாத் தீபகற்பத்தில் இறங்கி, சுமத்ராவுக்குப் போய், அங்கிருந்து சில ஜாவாவுக்கும் சில போர்னியோவுக்கும் பிரிகின்றன. ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். நம் தலைக்கு மேல் போவது அந்தப் பயணத்தின் நடுவழி.

கருவி இருக்கும்போது மனிதர் எண்ணுவது எதற்கு? கருவி சில பறவைகளின் வழியைச் சொல்லும். பல்லாயிரம் பறவைகள் கூடினவா குறைந்தனவா என்று அது சொல்லாது. அதற்கு ஆண்டுக்கு ஆண்டு எழுதிய கணக்கு வேண்டும். செம்பனைக் குலையைக் கணக்கெழுதும் கிராணி ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். சுற்றுவட்டாரக் கடற்கரையில் உல்லாச விடுதிகள் எழுந்துவிட்டன. அந்த 200 ஏக்கர் காடு எதற்கு என்று ஒருவர் கேட்டால், கையில் கணக்கு இருக்க வேண்டும். நம் தாத்தாமார் பால் வெட்டிய காலத்தில் அலோர் காஜாவிலும் ஜாசினிலும் தோட்டத்தின் மேல் எத்தனை பருந்து போயிற்று? பார்த்தவர்கள் ஏராளம். எழுதியவர் யார்? பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்தக் கணக்கு இனிக் கிடைக்காது.

பிள்ளைகளோடு நீங்களும் தொடங்கலாம். வட்டமிடும் கூட்டத்தை எண்ணாதீர்கள், ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். உச்சிக்குப் போனதும் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் சறுக்கிச் செல்லும். அப்போது எண்ணுங்கள். பள்ளி நோட்டில் தேதி, மணி, வகை, எண்ணிக்கை, காற்று என்று ஐந்து கட்டம் போடுங்கள். வகை தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதிப் பக்கத்தில் உருவத்தை வரையுங்கள். ஒன்றும் வராத மணிக்குப் பூச்சியம் போடுங்கள், கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். களைத்து வரும் பறவையின் மேல் பையன்கள் லாஸ்டிக் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறி, காலை 10 மணிக்குப் பிறகுதான் பருந்துகள் தென்படத் தொடங்கும். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.