பூட்டுச் சின்னம் இருந்தும் திருட்டு: இழப்பீடு யாரிடம் கேட்பது?

2018 ஆகஸ்ட் மாதம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையத்தளத்தில் விமானச்சீட்டு வாங்கியவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. பூட்டுச் சின்னம் இருந்தது. பணமும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால், பக்கத்துக்குள் 22 வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒளிந்திருந்தது. பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும் பெயர், முகவரி, அட்டை எண் எல்லாவற்றையும் நகலெடுத்து ஊடுருவிகளுக்கு அனுப்பியது. பூட்டுச் சின்னம் தகவல் செல்லும் வழியைத்தான் காக்கும். தட்டச்சு செய்யும் இடத்திலேயே திருடினால் அதனால் பயனில்லை.

சட்டம் என்ன செய்தது? பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020ல் நிறுவனத்துக்கு 20 மில்லியன் பவுண்டு அபராதம் விதித்தது. ஆனால் அபராதப் பணம் வாடிக்கையாளர் கைக்கு வராது. அதனால் சுமார் 16,000 பேர் கூட்டாக இழப்பீடு கோரினர். 2021ல் நிறுவனம், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே, சமரசம் செய்துகொண்டது.

சிங்கப்பூரில்? தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யலாம். அது விசாரித்து அபராதம் விதிக்கலாம். இழப்பு நேர்ந்திருந்தால் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கலாம். மன உளைச்சலும் இழப்பாகக் கருதப்படும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022ல் தீர்ப்பளித்தது. ஆனால், தரவு கசிந்தது என்பது மட்டும் போதாது. பாதிப்பை நிரூபிக்க வேண்டும்.

ஆகவே மாணவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், முதலில் வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். நிறுவனம் அனுப்பிய அறிவிப்பையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் அழித்துவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் அவைதான் சான்று.