குருவி தலையில் பனங்காய்: பழைய மகிழுந்துக்கு வலுவான கியர்ப்பெட்டி

தமிழ்ப்பள்ளியில் பயின்ற காலத்தில் 'குருவி தலையில் பனங்காய்' என்னும் தொடரை ஏட்டில் எழுதி மனனம் செய்திருக்கிறேன். அதன் முழுப் பொருளை நான் உணர்ந்தது கிள்ளானில் என் மாமாவின் பட்டறையில்தான். பல்கலைக்கழக விடுமுறையில் அங்கு உதவிக்குச் சென்றிருந்தபோது, பழைய புரோட்டோன் சத்திரியா ஜிடிஐ மகிழுந்து ஒன்று இழுவை வண்டியில் வந்து இறங்கியது. கியர்ப்பெட்டியின் எண்ணெயை வடித்தோம். உடைந்த பற்சக்கரத் துண்டுகளும் தட்டில் விழுந்தன.

உரிமையாளருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதலாக இருக்கும். "அண்ணே, ஒரு வருஷத்துல இது ரெண்டாவது கியர்பாக்ஸ். இனிமே உடையாததா ஒன்னு போட்டுக் குடுங்க," என்று மாமாவிடம் கேட்டார்.

உடையாத பெட்டி என்று ஒன்று உண்டா? வாருங்கள், சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

குற்றம் அந்தப் பெட்டியுடையது அன்று. 1998இல் வெளிவந்த சத்திரியா ஜிடிஐயில் மிட்சுபிசியின் 4ஜி93 வகையைச் சேர்ந்த 1.8 லிட்டர் இயந்திரம் இருந்தது. அதன் ஆற்றல் ஏறக்குறைய 140 குதிரைத்திறன். ஆனால், கியர்ப்பெட்டிக்குக் குதிரைத்திறனைவிட முறுக்குவிசையே முக்கியம். அது ஏறக்குறைய 165 நியூட்டன் மீட்டர். அந்த அளவுக்கு அப்பெட்டி போதுமானதே.

1985இல் வந்த முதல் சாகா, 1993இல் வந்த வீரா, 1994இல் வந்த சத்திரியா ஆகிய மூன்றும் மிட்சுபிசி மகிழுந்துகளை அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே, ஜப்பானில் ஓடிய வண்டிகளின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்யும் 'ஹாஃப் கட்' வியாபாரத்தில் இவற்றுக்குப் பொருந்தும் இயந்திரங்கள் கிடைத்தன. அவற்றுள் இளைஞர்களின் கனவாக இருந்தது லான்சர் ஜிஎஸ்ஆர் மகிழுந்தின் டர்போ இயந்திரம். அதுவும் 4ஜி93 வகையே. ஆனால் 195 குதிரைத்திறனும் ஏறக்குறைய 270 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரவல்லது. நம் இளைஞர் அந்த இயந்திரத்தைப் பொருத்திவிட்டுப் பெட்டியை மட்டும் பழையதாகவே விட்டிருந்தார். குருவியின் தலையில் பனங்காய் ஏறியது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது? இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளும்போது, அவற்றைத் தாங்கும் தண்டுகள் விலகப் பார்க்கின்றன. விசை மிகுந்தால் தண்டும் அலுமினியக் கூடும் நூலிழை அளவு வளைகின்றன. அப்போது பற்கள் முழு அகலத்திலும் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் உரசுகின்றன. சுமை முழுவதும் அந்த ஓரத்தில் விழ, பல் உடைகிறது. கிளட்சைத் திடீரென விடும்போது விழும் அடி இதனினும் கடுமையானது.

வலுவான பெட்டியில் பற்கள் அகலமானவை, தண்டுகள் தடித்தவை, அவற்றுக்கிடையே இடைவெளியும் அதிகம். இடைவெளி அதிகமானால் பற்சக்கரங்கள் பெரியவையாகும். கதவைக் கீலுக்கு அருகில் தள்ளுவதைவிட விளிம்பில் தள்ளுவது எளிதல்லவா? அதுபோலவே, பெரிய சக்கரத்தில் அதே முறுக்குவிசைக்குப் பல்லின்மீது விழும் விசை குறைகிறது.

ஜிஎஸ்ஆரின் சொந்தப் பெட்டியையே போட்டுவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அங்கேதான் சிக்கல். ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் வண்டி; சத்திரியா முன்சக்கரங்களால் ஓடுவது. ஜிஎஸ்ஆர் பெட்டிக்குள் முன்னும் பின்னும் விசையைப் பகிரும் நடு டிஃபரன்ஷியல் உள்ளது. பின்பக்கத்தில் இணைப்பு இல்லாவிட்டால் விசை அந்த வெற்றுவழியில் வீணாகும். எனவே, முன்சக்கர வண்டிக்கு அதை அசையாமல் பூட்டிவிட வேண்டும்.

அதற்கு முன்பே சரிபார்க்க வேண்டியவை பல உள்ளன. இயந்திரத்தோடு பெட்டி இணையும் முகப்பின் துளைகள் பொருந்த வேண்டும். கிளட்ச் தட்டும் ஃப்ளைவீலும் பெட்டிக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். டிரைவ் சாஃப்ட்டின் நீளமும் நுனியிலுள்ள வரிப்பற்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். மவுண்டிங், கியர் மாற்றும் கேபிள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எண்ணெயிலும் கவனம் தேவை. ஜிஎல்-5 தர எண்ணெய்களில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் சில, பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். ஜிஎல்-4 கேட்கும் பெட்டிக்கு அதையே ஊற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்தால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை, இடம் மாறுகிறது. முதல் கியரின் விகிதம் 3, இறுதி விகிதம் 4 என்று கொள்வோம். முறுக்குவிசை 12 மடங்காகிறது. முன்பு சக்கரங்களுக்கு 1,980 நியூட்டன் மீட்டர், இப்போது 3,240. பெட்டி தாங்கினால் கிளட்ச் வழுக்கும். கிளட்ச்சை மாற்றினால் டிரைவ் சாஃப்ட் முறியும். எல்லாம் தாங்கினால், முன்னெப்போதும் போகாத வேகத்தில் வண்டி போகும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட இளைஞரிடம் மாமா, "எஞ்சின மாத்திட்ட. கியர்பாக்ஸயும் மாத்தப் போற. பிரேக்கு?" என்றார்.

"அது பழசுதாண்ணே."

ஹாஃப் கட்டோடு வந்த பிரேக் உறுப்புகள் அவர் வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்தனவாம்.

"கியர்பாக்ஸ் உடைஞ்சா வண்டி நின்னுடும் தம்பி. பிரேக் போனா நிக்காது."

மாமா அடுத்ததாகக் கெரானைக் கேட்டார். இயந்திர எண் அதில் பதிவாகியிருக்கும். இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் பெற வேண்டும். அவர் பெற்றிருக்கவில்லை. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கக்கூடும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததும் இல்லை.

அன்று பெட்டி பொருத்தப்படவில்லை. பிரேக்கும் பத்திரமும் முதலில், பெட்டி பிறகு என்று மாமா திருப்பி அனுப்பினார். வருமானம் போயிற்றே என்று நான் முணுமுணுத்தேன். அவர் பதில் பேசாமல் அந்த உடைந்த பல்லொன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

அந்தப் பல் இன்றும் என் மேசையில் இருக்கிறது. பனங்காயைச் சுமக்கக் குருவிக்குப் பதிலாகக் கழுகைக் கொண்டு வரலாம். ஆனால், அது அமரும் கிளை தாங்குமா என்பதையும் பார்த்துவிட வேண்டும், நண்பர்களே!