படத்தின் பின்பக்கம்

தசரா நாட்களில் குலசேகரன்பட்டினத்தில் கேமரா இல்லாத கையைப் பார்ப்பது அபூர்வம். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரின் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, விரதமிருந்து, காப்புக் கட்டி, காளியாக, குறத்தியாக, குரங்காக, போலீஸ்காரராக வேடம் போடுகிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேர்கிறது. சடைமுடியும் தொங்கும் நாக்குமாக நிற்கும் காளியை வெளியூர்ப் படக்காரர்கள் சுற்றி வளைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் முப்பது வருடம் கழித்து இந்தத் திருவிழாவைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு உதவப்போவது பின்பக்கத்தில் நான்கு வரி எழுதியிருக்கும் படம்தான். அந்த நான்கு வரியை எழுதக்கூடியவர் பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் உள்ளூர்க்காரர்.

காரணம் எளிது. குலசை என்று சுருக்கி அழைக்கப்படும் இந்த ஊரின் தசரா கடற்கரையில் முடிகிறதே தவிர, நடப்பது அங்கு மட்டும் அல்ல. வேடக்காரர்கள் தசரா குழுக்களாகச் சேர்ந்து சுற்றுவட்டார ஊர்களில் வீடு வீடாகத் தர்மம் எடுத்து, அதைக் கொண்டுவந்து அம்மனுக்குக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். கிரீடம் செய்பவர், முகத்துக்குச் சாயம் பூசுபவர், குழுவுக்குச் சோறு ஆக்கிப் போடுபவர் என்று திருவிழாவின் பெரும்பகுதி தெருவிலும் திண்ணையிலும் நடக்கிறது. ஒரே ஒரு இரவுக்கு வந்து போகிறவருக்கு இது கண்ணில் படாது. வெளியூர்ப் படத்தில் ‘காளி, குலசை’ என்று மட்டும் இருக்கும். உள்ளூர்க்காரர் எந்த ஊர்க் குழு, எத்தனையாவது வருட வேடம், என்ன நேர்த்தி என்று கேட்டு எழுத முடியும். அதே தெருமுனையில் வருடம் தவறாமல் நின்று எடுத்தால், செண்டை மேளம் எப்போது நுழைந்தது, வேடங்களின் துணியும் ஒப்பனையும் எப்படி மாறின என்பதற்கெல்லாம் தேதியோடு சாட்சி கிடைக்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. பர்மிங்ஹாமின் கண்ணாடித் தொழிலதிபரும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினருமான பெஞ்சமின் ஸ்டோன், ஆர்வத்துக்காகவே படம் எடுத்தவர். ஆபட்ஸ் பிரோம்லி கிராமத்தில் மான்கொம்பு தூக்கி ஆடுகிறவர்களைப் போன்ற உள்ளூர்ச் சடங்குகளைத் தேடித் தேடி எடுத்தார். 1897இல், நாடு முழுவதும் உள்ள அமெச்சூர்களைக் கொண்டு இப்படிப் பதிவு செய்ய ஒரு தேசியச் சங்கமே தொடங்கினார். அவருடைய படங்களில் மனிதர்கள் விறைப்பாக, வரிசையாக நிற்கிறார்கள்; கலை என்று பார்த்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் அசையாமல் நின்றதால்தான் செருப்பு முதல் தொப்பி வரை இன்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. எது, எங்கே, எப்போது என்ற குறிப்பும் சேர்ந்திருப்பதால் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி வருகிறார்கள். ஸ்டோனிடம் ஒரு குறையும் உண்டு. பழமையானது, மறையப்போவது என்று அவர் கருதியவற்றிலேயே அவர் கண் பெரும்பாலும் நின்றது. திருவிழா இல்லாத நாளும் ஊரின் நாள்தான்.

‘இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, தனியாக ஒருவர் எதற்கு?’ என்று கேட்கலாம். எடுப்பது பெருகியிருக்கிறது, பாதுகாப்பது பெருகவில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது. எடுத்த தேதியும் இடமும் அதிலிருந்து கழன்றுவிடுகின்றன. போன் பழுதானால் படங்களும் போயின. ஸ்டுடியோக்கள் இருந்த காலத்திலும் இதே கதைதான். தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் தேடித் திரட்டி, மின்னணுப் படிகளாக்க வேண்டியிருந்தது. எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் போன பிறகு, பெயரில்லாத முகத்துக்கு யாராலும் பெயர் தர முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நேர்த்திக்கடன் ஒருவருக்கும் அம்மனுக்கும் இடையிலானது. அதை எழுதி வைக்க நமக்கு என்ன உரிமை? நியாயமான கேள்வி. அதற்கும் உள்ளூர்க்காரரிடமே பதில் இருக்கிறது. கூட்டத்தில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூட வாய்ப்பில்லை. அடுத்த தெருக்காரரிடம் சொல்லலாம், மறுநாள் வந்தும் சொல்லலாம். பெயர் வேண்டாம் என்றால் ஊர், வருடம், வேடம் மட்டும் போதும். ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுத்துவிட்டால் கணக்கும் நேராகிவிடும்.

குலசைக்கு இந்த வேலை இப்போது அவசரமானது. இங்கே அமையும் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட் கிளம்புவதை எடுக்க ஆயிரம் கேமராக்கள் வரும். அதற்கு முன்பு கடைத்தெரு எப்படி இருந்தது, கடற்கரைக்கு எந்த வழியாக நடந்தார்கள் என்பதை, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் எடுத்து, தேதி போட்டு வைக்க உள்ளூரில் ஒருவர் போதும்.